முப்பது சொல்லுக்குக் குறையாமல்

மனிதர்கள் அடித்துக்கொள்வதற்குக் கடவுள், மொழி, வரப்பு, வாரிசு என்று உலகத்தில் ஏற்கெனவே போதுமான விஷயங்கள் இருந்தன. போதாதென்று கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி வேலை வாங்க அதற்குள் ஓர் இயங்குதளம் வேண்டும். எந்த இயங்குதளம் உசத்தி என்று சண்டை போட இணையத்தில் ஒரு குழு வேண்டும். அப்படி உருவானதுதான் 'கணினிச் சான்றோர் மன்றம்'. சான்றோர் என்பது அவர்களே சூட்டிக்கொண்ட பெயர். வேறு யாரும் சூட்ட முன்வரவில்லை.

மன்றத்தில் மூன்று கட்சிகள் இருந்தன: ஜன்னல் கட்சி, பழக் கட்சி, பறவைக் கட்சி. ஜன்னல்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். கூட்டம் இருக்கும் பக்கம்தான் நியாயமும் இருக்கும் என்று நம்புகிறவர்கள். பழக்காரர்கள் அழகை வாங்கியவர்கள். மற்றவர்களைப் பார்த்து மெல்லப் புன்னகை செய்வதோடு சரி. பறவைக்காரர்கள் எல்லாவற்றையும் சும்மா வாங்கித் தாங்களே பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்ப்பவர்கள். மற்ற இரண்டு கட்சியையும் அடிமைகள் என்பார்கள்.

மன்றத் தலைவர் 'பேராசிரியர்'. எந்தக் கல்லூரியும் அவரை வேலைக்கு வைத்ததில்லை. புனைபெயருக்குச் சான்றிதழ் கேட்கிற வழக்கம் மன்றத்தில் இல்லை. ஜன்னல் கட்சி. வணக்கம் சொல்லவே இரண்டு பத்தி எடுத்துக்கொள்வார். பறவைக் கட்சியின் பெரிய தலை 'கரடி'. பேராசிரியர் முகவுரை, பொருளுரை, முடிவுரை என்று நீட்டி முழக்கி முடித்ததும் அதன் அடியில் கரடி "தவறு" என்று எழுதுவார். அதோடு சரி. ஊர்வலத்தின் நடுவில் ஒருவன் ஓரமாக நின்று கொட்டாவி விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும் பேராசிரியருக்கு.

ஒரு காலத்தில் கரடியும் நீளமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார். வருஷம் போகப் போகப் பத்தி வாக்கியமாயிற்று, வாக்கியம் சொல்லாயிற்று. தலைக்கனம் ஏறிக்கொண்டே போகிறது என்று மன்றம் முடிவு கட்டியது.

கரடியின் அறை வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் கம்பிக்கு எதிரே இருந்தது. ஒரு சக்கர நாற்காலி. அதன் தலைப்பட்டையிலிருந்து வளைந்து வரும் இரும்புக் கம்பி. கம்பியின் நுனியில் ஒரு பொத்தான், அவருடைய இடது கன்னத்தைத் தொட்டும் தொடாமலும். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக ராஜினாமா கொடுக்கிற நோய் அவருக்கு. முதலில் கால் போனது, பிறகு கை, பிறகு நாக்கு. இடது கன்னம் மட்டும் கம்பெனி மூடியது தெரியாத பழைய சிப்பந்தி மாதிரி இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

திரையில் எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு வெளிச்சம் வரிசைகளின் மேல் மெல்ல இறங்கி வரும். வேண்டிய வரிசைக்கு வரும்போது கன்னத்தைச் சுண்டினால் வெளிச்சம் அந்த வரிசைக்குள் நுழைந்து எழுத்து எழுத்தாக நடக்கும். மறுபடியும் சுண்டினால் ஓர் எழுத்து. சுண்டத் தவறினால் வெளிச்சம் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படிச் சேர்த்ததைக் கம்ப்யூட்டர்ப் பெட்டி ஜலதோஷம் பிடித்த குரலில் வாசிக்கும். மன்றத்தார் திமிர் என்று சொன்ன அந்த ஒற்றைச் சொல், அநேகமாக ஒரு முழுக் காலைப்பொழுது.

இந்த ஏற்பாடு முழுவதையும் எழுதியவர் கரடியேதான். தொலைபேசி நிறுவனத்தில் சர்வர்களைக் கட்டி மேய்த்தவர். வரப்போவது என்னவென்று டாக்டர் சொன்னதும், விரல்கள் மிச்சமிருந்த நாள்களில், பறவை இயங்குதளத்தின் மேல் உட்கார்ந்து தன் வாயைத் தானே செய்துகொண்டார்.

அவருடைய தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவள். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். இருவரும் ஷிப்ட் மாற்றி மாற்றிக் கரடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சியாளர் வரும் நாள்களில் தங்கை கடைக்குத் தாமதமாகப் போவாள். அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம். கரடியிடம் பேசும்போது மட்டும் குரலை உயர்த்தி, சொற்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்.

"என்ன செல்லம்? சமத்தா சாப்டீங்களா? நல்லாத் தூங்கினீங்களா?"

ஐம்பது தாண்டிய கரடி கண்ணை மூடிக்கொண்டார்.

பொத்தானை வைத்துச் சோதனை செய்துவிட்டு, அந்த அம்மா தங்கையை வாசல் பக்கம் அழைத்துப்போனார். அங்கே குரல் சாதாரணமாயிற்று.

"கன்னம் தளர்ந்துட்டே வருதும்மா. போன தடவைக்கு இப்ப பாதிதான் அழுத்தறாரு."

"அதுவும் போயிட்டா?"

"கண்ணு இருக்குல்ல? இந்த நோயில கண்ணு ரொம்ப நாள் தாங்கும். எங்ககிட்ட ஒரு கேமரா இருக்கு. திரைக்குக் கீழ வச்சா, கண்ணு எந்த எழுத்தைப் பாக்குதோ அதை எடுத்துக்கும். ஆனா இப்பவே பொருத்தணும். 'நான் இங்க பாத்தேன், அது அங்க எடுக்குது'ன்னு அவரு சொன்னாத்தானே நான் திருத்த முடியும்? கன்னம் போன பிறகு எதை வச்சுச் சொல்லுவாரு? உள்ள உக்காந்திருப்பாரு, அவ்வளவுதான். உள்ள இருக்காருன்னுகூட நமக்குத் தெரியாது."

தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கே கொண்டாந்துடுங்க."

"கொண்டாரேன். ஆனா அது எல்லாரும் வச்சிருக்காங்கள்ல, அந்த சாதாரண சிஸ்டத்துலதான் ஓடும். உங்க அண்ணன் ஏதோ வேற வச்சிருக்காரே. மாத்தணும்."

'சாதாரண சிஸ்டம்' என்றால் ஜன்னல். உள்ளே போய் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள் தங்கை. வெளிச்சம் நடந்தது, நின்றது, நடந்தது. கடைசியில் பெட்டி ஜலதோஷத்தோடு சொன்னது: "வேண்டாம்."

"வேண்டாமா? அண்ணா, புரிஞ்சுதான் சொல்றியா? கன்னம் நின்னுட்டா உனக்குப் பேச்சே கிடையாது. தண்ணி வேணும், வலிக்குது, ஒண்ணும் சொல்ல முடியாது."

மறுபடி வெளிச்சம். "சத்தியம்."

அந்தச் சத்தியம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பத்தி பத்தியாக எழுதிய காலத்தில் ஒரு சண்டையின் உச்சியில் கரடி மன்றத்தில் முழங்கியிருந்தார்: ஜன்னலில் ஓர் எழுத்து தட்டினாலும் என் பேச்சு நின்றுபோகட்டும்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த ஓட்டுநர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "மச்சான், சத்தியத்தை மீறாமலே தண்டனை வந்துருச்சு. இனிமே மீறிட்டுப் போங்களேன், கணக்கு சரியாயிரும்."

கரடியின் மூக்கிலிருந்து காற்று வேகமாக வந்தது. அவர் சிரிக்கிற விதம் அதுதான். ஆனால் பதில் மாறவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல. எந்தக் கம்பெனி என்ஜின்னு கேட்டுட்டா எவனாவது பஸ்ஸுல ஏறுறான்? போய்ச் சேந்தாச் சரி" என்றார் ஓட்டுநர்.

"நீங்க வேற சும்மா இருங்க" என்றாள் தங்கை.

அந்த வாரம்தான் பேராசிரியர் மன்றத்தில் தன் மகத்தான படைப்பை வெளியிட்டார். தலைப்பு: 'இயங்குதள விருப்பங்கள் குறித்து இணையத்தில் தெளிவாக உரையாடுவது எங்ஙனம்?' அதைத் தொடங்குமுன் எழுத்தின் வரலாற்றைத் தொட்டார்; முடிக்குமுன் மனித நாகரிகத்தின் எதிர்காலத்தைத் தொட்டார். நடுவில் தெளிவு என்ற சொல் அடிக்கடி வந்தது, தெளிவுதான் வரவில்லை. கடைசியில் ஒரு சட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒற்றைச் சொல்லில் மறுப்பது பிறரை அவமதிப்பதாகும். ஆகவே இனி முப்பது சொல்லுக்குக் குறைந்த கருத்தை மன்றத்தின் இயந்திரம் தானாகவே அழித்துவிடும்.

இது கரடிக்காகக் கட்டிய கூண்டு என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜன்னல்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவர் "அருமை" என்று எழுதினார்; இயந்திரம் அழித்துவிட்டது. அவர் திரும்பி வந்து அருமை என்பதையே முப்பது முறை எழுதினார்.

கரடி சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் காலையிலிருந்து அவர் முப்பது சொல் எழுத ஆரம்பித்தார்.

கன்னம் சுண்டியது, ஓய்ந்தது, சுண்டியது. மதியம் சோற்றைக் கரைத்துக் குழாயில் ஊற்றும்போதும் கண் திரையை விட்டு நகரவில்லை. கேமராவைப் பொருத்துவதற்காக மிச்சம் வைக்க வேண்டிய கன்னம் அது. ஒவ்வொரு சுண்டலையும் பார்க்கும்போது தங்கைக்கு யாரோ கிணற்றிலிருந்து கடைசித் தண்ணீரை இறைத்துத் தெருவில் ஊற்றுகிற மாதிரி இருந்தது.

"அண்ணா, கையெடுத்துக் கும்பிடறேன். கன்னத்தைச் சேத்து வை. அந்தாளு முட்டாள்னு உலகத்துக்கே தெரியும். நீ வேற எழுதணுமா?"

கரடி ஓர் எழுத்தைக்கூட அவளுக்குச் செலவழிக்கவில்லை. கண்ணால் மட்டும் அவளைப் பார்த்தார். நாக்கு போன பிறகு அந்த வீட்டில் கன்னம் எழுத்துக்கு, கண் திட்டுவதற்கு என்று வேலை பிரிந்திருந்தது. 'போய் உன் வேலையைப் பார்' என்றது கண்.

அவளும் வேலையைப் பார்க்கப் போனாள். ஓடுகிற கல்லில் லென்ஸின் ஓரத்தைக் கொடுத்தபடி யோசித்தாள். ஜன்னலுக்கு அண்ணன் வரமாட்டான். சரி, கேமராவைப் பறவைக்குக் கொண்டுவர முடியாதா? உலகத்தில் எவனாவது செய்திருக்க மாட்டானா? யாரைக் கேட்பது? அவளுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர்காரர்கள் இருந்த ஒரே இடம் அந்த மன்றம்தான். கல்லை நிறுத்திவிட்டுச் செல்போனில் 'லென்ஸ்' என்ற பெயரில் உள்ளே நுழைந்தாள்.

"கண் அசைவைப் பார்க்கும் கேமராவைப் பறவை இயங்குதளத்தில் ஓட்ட முடியுமா? வாயால் பேச முடியாத ஒருவருக்காக. அவசரம்" என்று எழுதினாள். இதைவிடத் தெளிவாக எவராலும் கேட்க முடியாது. இயந்திரம் அழித்துவிட்டது. முப்பது சொல் இல்லை.

வேறு வழியில்லாமல் வாலைச் சேர்த்தாள். எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது, எந்த இயங்குதளம் நல்லது, எது கெட்டது என்றும் தெரியாது, தயவுசெய்து பெரியவர்கள் யாராவது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். கேள்வி தங்கிவிட்டது. ஆனால் ஒட்டவைத்த வால் இருக்கிறதே, அது வைக்கோற்போரில் போட்ட தீக்குச்சி.

எது நல்லது என்று தெரியாதா! ஜன்னல்காரர் ஒருவர் தெரிவித்தார். பழக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். 'சிறகு' என்ற பறவைக்காரர், கரடியின் வலது கை, சுதந்திரம் என்றால் என்ன என்று தொடங்கினார். கேமராவை எதற்கு வாங்கினீர்கள், வாங்குமுன் ஏன் கேட்கவில்லை என்றார் இன்னொருவர். கேமராக்களே தனிமனித உரிமைக்கு எதிரானவை என்றார் வேறொருவர். அவள் நடுவில் புகுந்து "ஐயா, முடியுமா முடியாதா?" என்று கெஞ்சியதை இயந்திரம் உடனுக்குடன் அழித்தது.

அந்த அவசரத்தில் ஒருவருடைய லென்ஸை வலது இடது மாற்றி அரைத்து வைத்தாள். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு அந்தாளு பொண்டாட்டியை ரெண்டாப் பாப்பாரும்மா. ஒண்ணையே சமாளிக்க முடியலன்னுதான் இங்க வந்து புலம்புறாரு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போய் வீட்டு இணைப்பிலிருந்து மறுபடியும் கெஞ்சினாள். அங்கேதான் பிடிபட்டாள். பேராசிரியர் கண்டறிந்து அறிவித்தார்: லென்ஸும் கரடியும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து எழுதுகிறார்கள். முப்பது சொல் எழுத வக்கில்லாத கரடி, பெண் வேடம் கட்டி, ஊமையின் பெயரால் அனுதாபம் தேடுகிறார். எனவே கரடி, லென்ஸ் இருவரும் மன்றத்திலிருந்து நீக்கப்படுகிறார்கள்.

அவள் பின்னறைக்கு ஓடினாள். கரடியின் திரையில் அறிவிப்பு நின்றிருந்தது. அதற்குக் கீழே, நாள்கணக்கில் சேர்த்து இன்னும் அனுப்பாத எழுத்துகள்:

'நீளம் தெளிவு அல்ல. நான் பறவையை விரும்புவது என் விருப்பம். நீங்கள் ஜன்னலை விரும்புவது உங்கள் விருப்பம். அதற்கு ஆதாரம் வேண்டாம். ஜன்னல்தான் வேகம் என்பது விருப்பம் அல்ல, தகவல். தகவலுக்கு ஆதாரம்'

அங்கே நின்றிருந்தது.

"நான்தான் அண்ணா. உனக்காகத்தான் போய்க் கேட்டேன். கேமராவை உன் சிஸ்டத்துல ஓட்ட முடியுமான்னு. நான் கெடுத்துட்டேன்."

கரடி அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்தது, பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

அவளுக்கும் பொறுமை அறுந்தது. "என்னதான் இருக்கு அந்தப் பாழாப்போன மன்றத்துல? பெத்தவங்களா, பிள்ளைங்களா? ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்ததில்ல. உனக்கு மிச்சம் இருக்கிற பேச்சையெல்லாம் அவனுங்களுக்கே குடுக்கற. எங்களுக்கு என்ன மிச்சம்? சொல்லு!"

வெளிச்சம் நடக்க ஆரம்பித்தது. கன்னம் சுண்ட முயன்றது, பொத்தானுக்கு எட்டவில்லை. வெளிச்சம் ஊரைச் சுற்றி வந்தது. அவள் சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தாள். வெளியே கம்பியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவரும் கதவோரம் நின்றார். நெடுநேரம் கழித்துப் பெட்டி வாசித்தது:

"அங்க மட்டும்தான் என்னைத் திட்டறாங்க."

பிறகு இன்னும் இரண்டு சொல் வந்தது, தவணை முறையில்: "நோயைச் சொல்லாதே."

அவள் சொன்னாள். இதைத் துரோகம் என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். பின்னறையில் அந்தக் கன்னத்துக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுச் சொல்லட்டும். மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கணவருடைய செல்போனிலிருந்து பேராசிரியருக்குத் தனியாக எழுதினாள். 'கரடி என் அண்ணன். உடம்பு அசையாது. கன்னத்தால்தான் எழுதுகிறார், அதனால்தான் ஒற்றைச் சொல். அவரை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். இரக்கம் காட்டாதீர்கள். எப்போதும்போலத் திட்டுங்கள்.'

தனிச் செய்திக்கு முப்பது சொல் சட்டம் கிடையாது. தேவைக்கு மேல் ஒரு சொல் அதில் இல்லை. பேராசிரியர் அதைப் படித்தார். கண் கலங்கினார். அந்தக் கண்ணீர் மெய்தான். ஆனால் அவரைப் போன்றவர்கள் தனியாக அழுது பழகாதவர்கள். அன்று மாலையே மன்றத்தில் 'கரடி என்னும் காவியம்' என்று ஒரு பதிவு வந்தது.

அதன் பிறகு வெள்ளம்தான். கூப்பிய கைகள் வரிசை வரிசையாக வந்தன. கரடி கரடி ஐயாவானார், கரடி ஐயா மாமனிதரானார். நேற்றுவரை திமிர் பிடித்தவன் என்றவர்கள் இன்று தன்னம்பிக்கையின் சிகரம் என்றார்கள். அவரை மறுபடி சேர்த்துக்கொண்டு, முப்பது சொல் சட்டத்திலிருந்து அவருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. பேராசிரியர் இறுதியாக ஒரு படி மேலே போய், இத்தனை ஆண்டு விவாதத்தில் பறவை இயங்குதளமே சிறந்தது என்று ஒப்புக்கொள்வதாகவும், கரடி ஐயாவின் காலடியில் அந்த வெற்றியைச் சமர்ப்பிப்பதாகவும் எழுதினார். ஜன்னல்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஆமோதித்தார்கள்.

கரடி முழுவதையும் படித்தார். தங்கை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக் கொடுத்தாள். படித்து முடித்ததும் அவர் கண் அவள் மேல் நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சுண்டல்களுக்கு நடுவே இப்போது நீண்ட இடைவெளி.

"தோத்துட்டேன்" என்றது பெட்டி.

"ஜெயிச்சுட்டீங்கன்னுல்ல போட்டிருக்கான்?" என்றார் ஓட்டுநர்.

கரடி அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கும் புரிந்துவிட்டது. நோயாளியிடம் சீட்டாட்டத்தில் வேண்டுமென்றே தோற்பார்களே, அதுதான் நடந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் இன்னொன்று வந்தது. துண்டு துண்டாக, பாதி எழுத்தைத் தங்கை ஊகித்துக் கேட்க, அவர் கண்ணை மூடி ஆமாம் சொல்ல, வந்து சேர்ந்தது: "கேமரா போடு. இவனுங்களுக்குப் பதில் சொல்லக் கன்னம் பத்தாது."

பேச்சுப் பயிற்சியாளர் பெட்டியோடும் கேமராவோடும் வந்தபோது பொத்தான் வேலை செய்யவில்லை. பொத்தான் நன்றாகத்தான் இருந்தது. கன்னம்தான் அதுவரை எட்டவில்லை. அந்த அம்மா உதட்டைக் கடித்தார்.

"லேட் பண்ணிட்டீங்களேம்மா. கண்ணை மூடி ஆமா சொல்லலாம்னா, மூடினா கேமரா பிடி விட்டுரும். மறுபடி முதல்லேருந்து வரணும்."

"நான் கையை வச்சுப் பாக்கறேன்" என்றாள் தங்கை. நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு விரலை அண்ணன் கன்னத்தில் வைத்தாள். மயிரிழை கனத்தைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கிற விரல்கள். "கேளுங்க."

திரையில் ஒரு புள்ளி தோன்றியது. "செல்லம், புள்ளியைப் பாருங்க! அம்பு புள்ளி மேல நிக்குதா?"

விரலுக்கடியில் ஒன்றுமில்லை.

"இல்லைன்னா சும்மா இருக்கச் சொல்லியிருக்கேன். அப்ப இல்லையா, முடியலையா?" பயிற்சியாளர் தங்கையைப் பார்த்தார்.

"அண்ணா, இல்லைன்னா ஒண்ணு சுண்டு. ஆமான்னா ரெண்டு. சும்மா இருக்காதே, சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

காத்திருந்தார்கள். தோலுக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், ஏதோ ஒன்று ஒரு முறை அசைந்தது. தன் விரலின் நாடியாகக்கூட இருக்கலாம். "இல்லைங்கறான்" என்றாள். பயிற்சியாளர் திருத்தினார். மறுபடி புள்ளி, மறுபடி கேள்வி. அப்படியே திரையின் மூலை மூலையாகப் போனார்கள். ஒவ்வொரு மூலைக்கும் அசைவு மெலிந்துகொண்டே வந்தது. கடைசி மூலையில் அவளுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. அண்ணனுடைய நெற்றியில் வேர்த்திருந்தது. "ரெண்டு தடவை" என்றாள் தங்கை. வந்ததா, வரவில்லையா என்று அவளுக்கே தெரியாது. பயிற்சியாளர் அப்படியே பதிந்துவிட்டார்.

அதன் பிறகு அந்தக் கன்னம் அசைந்து யாரும் பார்க்கவில்லை.

புதிய பெட்டிக்குச் செய்தி வாசிப்பாளர் குரல். கரடியின் கண் எழுத்துகளின் மேல் தடுமாறி ஓடியது. ஓரிடத்தில் அறுந்து, திரும்பி வந்து பிடித்தது. பிறகு கம்பீரமான குரல் அறையில் ஒலித்தது:

"கத்தாதீங்க. காது நல்லாவே கேக்குது. நான் செல்லம் இல்ல."

பயிற்சியாளர் முகம் சிவந்துவிட்டது. "சரிங்க சார்" என்றார், சாதாரணக் குரலில். ஓட்டுநர் சிரிப்பை அடக்கத் துணி எடுக்கிற சாக்கில் வெளியே போனார்.

அடுத்த நாள் காலை கரடி மன்றத்துக்கு எழுதினார். தங்கை கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். 'நான் கரடி. இதை ஜன்னலில் இருந்து எழுதுகிறேன். எனக்குத் தேவையான கேமரா இதில்தான் ஓடுகிறது. அதனால் மாறினேன். எனக்குப் பிடித்தது இன்றும் பறவைதான். பிடித்தது வேறு, வேலைக்கு ஆவது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள். என் உடம்பு ஒரு வாதம் அல்ல. பேராசிரியர் ஒப்புக்கொண்டதை நான் ஏற்கவில்லை. ஆதாரத்தோடு தோற்கட்டும்.'

மன்றம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. மனித இரக்கத்தின் ஆயுளை அளக்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

முதலில் வந்தது சிறகு, கரடியின் வலது கை. முப்பது சொல் கணக்குக்காக நீட்டியதைச் சுருக்கினால்: 'ஜன்னலில் இருந்தா? நீங்களா? உங்களை நம்பிப் பறவைக்கு வந்தவர்கள் நாங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் கொள்கையையும் விட்டுவிடலாமா? இதற்குப் பெயர் துரோகம்.' அதற்குக் கீழே பறவைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். கோழை என்றார் ஒருவர். இவர் எப்போதுமே ஜன்னலின் ஒற்றர்தான் என்றார் மற்றொருவர். ஜன்னல்காரர்கள் கரடி எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று கொண்டாடினார்கள். அவர் எழுதியதை அவர்களும் படித்திருக்கவில்லை. கூப்பிய கைகள் எல்லாம் முஷ்டிகளாயின. பேராசிரியர் தன் தோல்வியை நிபந்தனையோடு திரும்பப் பெறுவதாக முகவுரையைத் தொடங்கியிருந்தார்.

"அடப்பாவிங்களா! படுத்த படுக்கையா இருக்கிறவனைப் பாத்து எழுதற எழுத்தா இது? அண்ணா, மூடிடறேன். படிக்காதே."

"மூடாதே" என்றது செய்தி வாசிப்பாளர் குரல். "இன்னும் இருக்கா? கீழ தள்ளு."

மூக்கிலிருந்து காற்று வேகவேகமாக வந்துகொண்டிருந்தது. அவர் சிறகுக்குப் பதில் எழுதத் தொடங்கினார். கண் ஓடியது. கடைசி மூலையில் இருந்த எழுத்துகள் மட்டும் சரியாக விழவில்லை; பக்கத்து எழுத்து விழுந்தது. அவர் திருப்பித் திருப்பி முயன்றார். திருத்தும் நேரத்தில் கேமரா எழுதாது, ஆமாம் இல்லை சொல்லக் கன்னமும் இல்லை; அந்த மூலையை இனிச் சரிசெய்ய வழியில்லை என்பது தங்கைக்குத் தெரியும். தான் சொன்ன "ரெண்டு தடவை" என்ன என்பதும் தெரியும்.

"அண்ணா, அந்த மூலை… நான்தான்…"

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். புதிய வரியில் அவளுக்காக ஆரம்பித்தார்: 'நீ என்கிட்ட கேக்காம'

அங்கே கண் திரையை விட்டு அவள் முகத்துக்கு வந்தது. வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. திட்டவும் அதே கண்தான், எழுதவும் அதே கண்தான். அவளைப் பார்த்தால் எழுத முடியாது. எழுதினால் அவளைப் பார்க்க முடியாது. அந்தப் பார்வை கோபமா, வேறா என்று கண்டுபிடிக்க முன்பெல்லாம் கன்னம் ஒரு சொல் துணைக்கு அனுப்பும். இப்போது பாதி வாக்கியம் திரையில் நிற்க, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன? கேக்காம சொன்னது தப்புதான். முடி. என்ன சொல்ல வந்தியோ முழுசாச் சொல்லு" என்றாள்.

அவர் பார்வையை எடுக்கவில்லை.

"கடைக்கு நேரமாச்சு, அண்ணா. அந்தப் பக்கம் பாரு" என்றவள், செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.